நாற்பத்து மூன்று பக்கங்களும் ஒரு கட்டைவிரலும்

ஜூன் 3, திங்கட்கிழமை

இன்று முற்பகல் பதினோரு மணியளவில் ஆலை மேலாளர் திரு. பிரணவ் அவர்கள் என்னைத் தம் அறைக்கு அழைத்து, உட்காரச் சொன்னார். என் பதினெட்டு ஆண்டுப் பணியில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது இதுவே முதல் முறை. ஆகவே இதனைப் பதிவு செய்வது முறையாகும்.

எங்கள் ஆலையில், காயத்தின்மேல் வைக்கும் மருத்துவத் துணியை நெய்து, துண்டுகளாக வெட்டி, கையால் எட்டு மடிப்பாக மடித்து அனுப்புகிறோம். மடிப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் நான். இதுவரை புதிதாக வரும் பெண்களைப் பழையவர்களின் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவது வழக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளர் இனி அது போதாது, முறையான பயிற்சி வேண்டும் என்கிறாராம்.

மேலாளர் கோயம்புத்தூர்க்காரர். அவர் கூறியது: "பதினாலு நாள்ல ஆறு பேரு பழகோணுங்கம்மா. மணிக்கு எரநூறு துண்டு மடிக்கோணும், நூத்துக்கு ரெண்டுக்கு மேல ரிஜெக்ட் ஆகக் கூடாது. ஆறுல நாலு பேரு தேறிட்டா பயிற்சி அலுவலர்னு புதுசா ஒரு போஸ்ட், அது உங்களுக்குத்தான். இல்லீன்னா எங்கூர்ல ஒரு கம்பெனி இருக்குதுங்க, வீடியோ போட்டுச் சொல்லிக் குடுப்பாங்க. மேற்பார்வையும் அவங்க ஆளே பாத்துக்குவாரு. நீங்க கட்டு எண்ற மேசைக்குப் போற மாதிரி ஆயிருமுங்க."

அவர் பேசி முடிக்கும் முன்னரே நான் ஒப்புக்கொண்டேன். நான் பள்ளியில் கற்றது எட்டாம் வகுப்பு வரைதான். மீதியைக் கிளை நூலகத்தில் நானே கற்றேன். அங்கே இலக்கணப் பகுதியில் நான் எடுக்காத நூல் இல்லை. பயிற்சி அலுவலர் என்ற பதவிக்கு உரிய சொல்வளம் இந்த ஆலையில் வேறு யாரிடமும் இல்லை என்பதை அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன்.

வீடு திரும்பும் வழியில் நால்வரிடம் செய்தியைத் தெரிவித்தேன். பூக்காரியையும் சேர்த்தால் ஐவர்.

ஜூன் 4, செவ்வாய்க்கிழமை

பயிற்சிக் கையேட்டின் முதல் பத்தொன்பது பக்கங்களை எழுதி முடித்தேன். முதல் அத்தியாயம், "பருத்தியின் தோற்றமும் வளர்ச்சியும்". என் கணவர் சங்கரபாண்டி, ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர், முதல் பக்கத்தைப் படித்தார். இரண்டாம் பக்கம் மின்விசிறிக் காற்றில் தானே திரும்பியது. அவர் கண் மூடியிருந்தது. ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 5, புதன்கிழமை

நிறைவு. மொத்தம் நாற்பத்து மூன்று பக்கங்கள். ஒரு படியை மேலாளரின் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்து, "நல்ல கனமுங்க" என்று பாராட்டினார்.

ஜூன் 6, வியாழக்கிழமை

ஆறு பெண்களும் வந்து சேர்ந்தனர். பழைய கிடங்கு அறையைப் பயிற்சிக்கூடமாக்கி, முன்புறம் எனக்கு ஒரு மேசை போடச் செய்திருந்தேன். அவர்கள் எனக்கு எதிரே இரண்டு பெஞ்சுகளில் அமர்ந்தார்கள். நினைவில் நின்றவர்கள் மூவர்: வாய் ஓயாத ஜெயக்கொடி, எதைக் கேட்டாலும் சிரிக்கும் மாரிச்செல்வி, எதைக் கேட்டாலும் பேசாத முப்பிடாதி.

முதல் அத்தியாயத்தை விளக்கினேன். மூன்று பேர் கொட்டாவி விட்டனர். அறையில் காற்றோட்டம் போதவில்லை. கவனிக்கச் சொல்லவேண்டும்.

ஜூன் 7, வெள்ளிக்கிழமை

இரண்டாம் அத்தியாயம், "தூய்மையின் இன்றியமையாமை". நடுவில் மாரிச்செல்வி கையை உயர்த்தினாள்.

"அக்கா, துணிய எப்பக்கா தொடுவோம்?"

"மூன்றாம் அத்தியாயத்தில்."

"அது எப்ப வரும்?"

"இரண்டாம் அத்தியாயத்திற்குப் பின்னர்."

அவள் சிரித்தாள். ஜெயக்கொடி அவளிடம், "மெனக்கெட்டுக் கேட்ட பாரு. கல்யாணத்துக்குப் போயி இலை எப்ப போடுவீகன்னா கேப்பாக?" என்றாள். கற்பவரிடையே உரையாடல் நிகழ்வது ஆர்வத்தின் அறிகுறி என்று படித்திருக்கிறேன்.

ஜூன் 8, சனிக்கிழமை

மூன்றாம் அத்தியாயம். துணியைத் தொட்டோம். முப்பிடாதி இடக்கையால் மடிக்க முற்பட்டாள், திருத்தினேன்.

ஜூன் 10, திங்கட்கிழமை

இன்று வாய்மொழித் தேர்வு நடத்தினேன். ஆறு பேரும் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, கையேட்டின் பதினான்காம் பக்கத்தை ஒரே குரலில் ஒப்பித்தார்கள். "மேற்கூறிய துண்டின் கீழ்விளிம்பினை நடுக்கோட்டிற்கு இணையாகக் கொணர்ந்து" என்று அவர்கள் சொல்லக் கேட்டபோது என் கண்கள் பனித்தன. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. முப்பிடாதிகூட வாய் அசைத்தாள்.

அந்த நேரம் மேலாளர் உள்ளே வந்தார். ஒப்பித்தலைக் கேட்டு வியந்தவராகவே தோன்றினார். பிறகு அவர்கள் காலையில் மடித்து வைத்திருந்த குவியலிலிருந்து ஒரு துண்டை எடுத்து உதறினார். வெட்டிய விளிம்பிலிருந்து பிசிறு கிளம்பி அவருடைய கறுப்புக் காற்சட்டை முழுவதும் ஒட்டிக்கொண்டது.

"இந்தப் பிசிறு காயத்துக்குள்ள போயி ஒக்காந்துக்குமுங்களே," என்றார்.

நாற்பது துண்டுகளில் முப்பத்தொன்று தள்ளுபடி ஆயின.

மாணவியரின் கவனக்குறைவே காரணம் என்று அவரிடம் கூறினேன். அவர் காற்சட்டையைத் தட்டிக்கொண்டே, "இருக்குமுங்க" என்றார். அவர் சொன்ன விதம் எனக்கு நிறைவளிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை

கையேட்டை மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதென முடிவு செய்து, முடிவை அறிவித்தேன்.  ஜெயக்கொடிதான் பேசினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. நீங்க சொன்னதெல்லாம் மனசுல நிக்குது. ராத்திரி தூக்கத்துல கூட வருது. எங்க வீட்டுக்காரரு பயந்து போயிட்டாரு. ஆனா கைக்கு இறங்க மாட்டேங்குது."

"கைக்கு இறங்கும்வரை படிக்கவேண்டும்."

"ஒரு தடவ நீங்க மடிச்சுக் காட்டுங்களேன். பாத்துக்கிறோம்."

மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகக் கூறினேன். அது என் தலைமேல் இருந்ததை மாரிச்செல்வி சுட்டிக்காட்டினாள். அது படிப்பதற்கான கண்ணாடி, மடிப்பதற்கானது வேறு என்று விளக்கினேன்.

மேற்பார்வைக்கு வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் நான் மணிக்கு முந்நூற்று இருபது மடித்தவள். இதை இங்கே குறிப்பிடுவதற்குத் தனிக் காரணம் ஏதுமில்லை.

மாலையில் கொஞ்சம் துணியைக் கேட்டு வாங்கி வந்து, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மடித்துப் பார்த்தேன். முதல் பன்னிரண்டு துண்டுகளை அடுப்பு துடைக்க எடுத்து வைத்திருக்கிறேன். பதின்மூன்றாவதிலிருந்து கை தானாகவே ஓடத் தொடங்கியது.

ஜூன் 12, புதன்கிழமை

இரவு உணவுக்கு முன் ஒரு பரிசோதனை. கல்வியறிவும் பொறுமையும் உள்ள ஒருவர் என் கையேட்டைப் பின்பற்றி மடிக்க முடியும் என்று நிறுவிவிட்டால், பிழை மாணவியர் பக்கம்தான் என்பது தெளிவாகிவிடும். கணவரை உட்காரவைத்து, துணியையும் பதினான்காம் பக்கத்தையும் கொடுத்தேன்.

"மேற்கூறிய துண்டுன்னு போட்டிருக்கு. மேல எங்க கூறியிருக்கு?"

"பன்னிரண்டாம் பக்கத்தில்."

பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனார். அது அவரை ஒன்பதாம் பக்கத்துக்கு அனுப்பியது. ஒன்பதாம் பக்கத்தில் இருந்த அடிக்குறிப்பைப் படித்துவிட்டு அவர் தண்ணீர் கேட்டார்.

"ஞானம், இருபத்தெட்டு வருஷம் நான் பஸ்ல இருந்திருக்கேன். இத்தன தடவ ஏறி இறங்குன ஆளப் பாத்ததில்ல."

இருப்பினும் அவர் விடவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகப் படித்து, எழுதியிருந்தபடியே செய்தார். நான் கண்காணித்தேன். அவர் எதையும் மாற்றிச் செய்யவில்லை என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்கிறேன். இருபது நிமிடங்களுக்குப் பின் அவர் கையில் இருந்தது, சுண்டல் மடித்துக் கொடுக்கும் பொட்டலத்தை ஒத்திருந்தது.

"நீ எழுதுனதத்தான் செஞ்சேன்," என்றார்.

"இல்லை. இப்படிச் செய்யவேண்டும்." துணியை வாங்கி மடித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ மடி."

மடித்தேன்.

"இன்னொரு தடவ. மெதுவா."

மெதுவாக மடிக்க எனக்கு வரவில்லை. நிதானமாகச் செய்தால் கை மறந்துவிடுகிறது. நாலைந்து முறை வேகமாகவே மடித்தேன். அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உன் இடது கட்டவிரல் என்னமோ திருட்டுத்தனம் பண்ணுதே."

"என்ன செய்கிறது?"

"நடுவுல ஒருக்கா உள்ள போயி வெட்டுன பக்கத்த இழுத்துச் சொருகிட்டு வெளிய வருது. கடைசி மடிப்பு வரைக்கும் அந்த எடத்த விடமாட்டேங்குது. அத நீ எழுதலையே."

நான் பார்த்தேன். அது உண்மை. பதினெட்டு ஆண்டுகளாக என் கையில் இருந்தும் எனக்குத் தெரியாத செயல். பிசிறு வெளியே வராமல் இருப்பதே அந்த ஒரு சொருகலால்தான்.

கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். நாற்பத்து மூன்று பக்கங்களில் கட்டைவிரல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பருத்திக்கு நான்கு பக்கங்கள் உள்ளன.

ஜூன் 13, வியாழக்கிழமை

என் மேசைக்குப் பின்னால் நின்று, துணியை உயர்த்திப் பிடித்து, கட்டைவிரலின் பங்கினை விளக்கிக் காட்டினேன். "இடது கட்டைவிரல்" என்று பலமுறை வலியுறுத்தினேன். அனைவரும் உற்றுப் பார்த்தனர். முழுமையாக விளங்கிவிட்டது என்று ஐவர் கூறினர். முப்பிடாதி வழக்கம்போல் ஒன்றும் கூறவில்லை.

மாலையில் எண்ணிப் பார்த்தேன். ஐவரின் துண்டுகள் முன்னைவிட மோசம். ஒருத்தியின் குவியலில் மட்டும் ஒரு பிசிறுகூட இல்லை. முப்பிடாதியின் குவியல்.

என்னால் விளக்க இயலாத ஒன்றை எழுதி வைப்பது எனக்குப் பழக்கமில்லை. ஆயினும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளிக்கிழமை

முப்பிடாதியின் பின்னால் போய் நின்றேன். அவள் பயந்து துணியைக் கீழே வைத்துவிட்டாள். இடக்கையால் மடித்துக்கொண்டிருந்தாள். கண்டிக்க வாயெடுத்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, "மடிம்மா" என்றேன்.

அவள் தன் துணிக்கட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தாள்.

"ஏன் இப்படி வைத்திருக்கிறாய்?"

இந்த ஒரு வாரத்தில் அவள் பேசியது இப்போதுதான். "எதுக்க நின்னு நீங்க செய்யுறது எனக்குச் சரியா வருதுக்கா. கண்ணாடியப் பாத்துப் பொட்டு வைக்கிற மாதிரி. இவுகளுக்குத்தான் பாவம், நீங்க இடதுங்கிறீக, இவுக கண்ணுக்கு அது வலது பக்கம் தெரியுது. காதக் கேக்குறதா, கண்ணக் கேக்குறதான்னு முழிக்கிறாக."

ஜெயக்கொடி, "அதத்தான் நான் நேத்தே வீட்டுல சொன்னேன்" என்றாள். வீட்டில் சொன்னதால் எனக்கு என்ன பயன் என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

இடைவேளையின்போது அறை காலியாக இருந்தது. அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து என் மேசையைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் மேசைதான் தெரிகிறது. கை தெரிவதில்லை.

ஜூன் 15, சனிக்கிழமை

பெஞ்சில் அமர்ந்து பயிற்சி அளித்தேன். எனக்கு இருபுறமும் ஐவர், அனைவரும் ஒரே திசையை நோக்கி. முப்பிடாதிக்கு மட்டும் எதிரே இடம். மாரிச்செல்வி என் தோளில் இடித்துக்கொண்டே மடித்தாள், பொறுத்துக்கொண்டேன்.

பிற்பகலில் மேலாளர் வந்து வாசலில் நின்று, "மேடம் எங்கீங்க, இன்னிக்கு லீவுங்களா?" என்று என்னிடமே கேட்டார்.

நாற்பதில் பதினொன்று தள்ளுபடி.

ஜூன் 17, திங்கட்கிழமை

கையேட்டைச் சுருக்குவதென முடிவு. சிவப்பு மையால் அடிக்கத் தொடங்கினேன். "இன்றியமையாமை" போனது. "மேற்கூறிய" பதினேழு இடங்களில் போனது. பருத்தி இருந்த நான்கு பக்கங்களை அடிக்கும்போது கணவரைக் கூப்பிட்டு ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, ஆனா துணி மடியல" என்றார்.

எஞ்சியது ஒரே ஒரு தாள். அதில் உள்ளவை:

வெட்டின பக்கம் உன் பக்கம் இருக்கணும்.
மடி. கட்டைவிரலால் சொருகு.
கடைசி மடிப்பு வரை விரலை எடுக்காதே.
உதறிப் பார். பிசிறு வந்தால் அவிழ்த்து மறுபடி மடி.

இதன் கீழ் என் பெயரை இடவில்லை. இத்தகைய நடை என்னுடையது என்று யாரும் அறியவேண்டியதில்லை.

ஜூன் 19, புதன்கிழமை

இதுவரை கெட்ட துண்டுகளை நானே பொறுக்கி மறைத்துவிடுவேன். இன்று அனைத்தையும் கலந்து கொட்டி, எது கெட்டது, எதனால் கெட்டது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தார்கள்.

"இது யாரு மடிச்சது? ஆஸ்பத்திரிக்குப் போனா, இருக்குற காயத்தோட இன்னொண்ணும் வரும்," என்றாள் ஜெயக்கொடி.

"அது உன்னோடதுதான்க்கா. உன் மோதிரம் இழுத்த கோடு இருக்கு பாரு," என்றாள் மாரிச்செல்வி.

ஜெயக்கொடி மோதிரத்தைக் கழற்றித் தாலிக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். மோதிரத்தைப் பற்றி நான் எந்த அத்தியாயத்திலும் எழுதியிருக்கவில்லை.

இரண்டு மணி நேரம் நான் பேசவேண்டிய தேவையே ஏற்படவில்லை. தொண்டைக்கு நல்லது.

ஜூன் 21, வெள்ளிக்கிழமை

நாளை தேர்வு. ஒத்திகையில் நால்வர் இருநூறைத் தாண்டினர். ஜெயக்கொடியும், முதல் நாள் என் நினைவில் நிற்காத பரிமளாவும் இன்னும் தாண்டவில்லை. ஒருவர் சறுக்கினாலும் நான் கட்டு எண்ணும் மேசைக்குப் போகவேண்டியதுதான். எண்ணுவதும் மதிப்புள்ள பணியே என்று கணவரிடம் கூறினேன். அவர் எனக்கு இன்னொரு தோசை வைத்தார். நான் கேட்கவில்லை.

ஜூன் 22, சனிக்கிழமை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தேர்வின்போது பயிற்றுநர் அறைக்குள் இருக்கக்கூடாது என்று காலையில்தான் தெரிவித்தார்கள். கோயம்புத்தூர் நிறுவனத்தின் பயிற்சியாளர் ஒருவரும் மதிப்பிட வந்திருந்தார். இளம் வயது, இஸ்திரி கலையாத சட்டை. அவர் கையில் அலுவலகத்தில் நான் கொடுத்திருந்த கையேடு இருந்தது. எல்லாப் பக்கங்களையும் படித்துவிட்டதாகவும், அருமையாக எழுதியிருப்பதாகவும் கூறினார். வேறு சந்தர்ப்பமாக இருந்திருந்தால் நான் அவரைச் சாப்பிட அழைத்திருப்பேன்.

ஒரு மணி நேரம் வெளியே தண்ணீர்க் குழாயருகே நின்றேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

மாரிச்செல்வியும் இன்னும் இருவரும் தேறியிருந்தனர். ஜெயக்கொடி நூற்று எண்பத்து மூன்று. பரிமளா நூற்றுத் தொண்ணூறு, ஆனால் தள்ளுபடி அதிகம். முப்பிடாதி இருநூற்று இருபத்தாறு மடித்திருந்தாள். அவளுடைய குவியலை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார் அந்தப் பயிற்சியாளர்.

"இவங்க இடது கையில மடிக்கிறாங்க மேடம். அதனால நான் எண்ணிக்கையில சேர்க்கல."

"துண்டுகளில் குறை இருக்கிறதா?"

"அத நான் பார்க்கவே இல்ல. முறை தப்பு. நான் சொல்லல மேடம், உங்க கையேடே சொல்லுது." இருபத்தேழாம் பக்கத்தை விரித்து உரக்கப் படித்தார். "இடக்கையால் மடித்தல் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கத்தக்கதன்று, அது ஒழுங்கின்மையின் தொடக்கமாகும்."

மிக நல்ல வாக்கியம். ஜூன் ஐந்தாம் தேதி அதை எழுதிவிட்டு நானே இருமுறை படித்து மகிழ்ந்தேன்.

முப்பிடாதி எழுந்து நின்று, கைகளைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். மேலாளர் என்னைப் பார்த்தார். நால்வர் தேவை, மூவர் இருந்தனர்.

நான் விளக்க முற்பட்டேன். "மேற்படி விதியானது பொதுநிலையில் வகுக்கப்பட்டதேயன்றி" என்று தொடங்கினேன். அந்த வாக்கியத்தை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று எனக்கே தெரியவில்லை. ஆறு பேரும், ஒப்பிக்கக் காத்திருப்பவர்களைப்போல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அது தப்புங்க," என்றேன்.

"எது தப்புங்க?" என்றார் மேலாளர்.

"நான் எழுதினது. எழுதும்போது இடது கைக்காரங்க மடிச்சு நான் பார்த்ததில்ல. பார்க்காமலே எழுதிட்டேன். அந்தப் பொண்ணு மடிச்சதை எடுத்து உதறிப் பாருங்க."

மேலாளர் கறுப்புக் காற்சட்டைதான் அணிந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மடிமேல் வைத்து உதறினார். நூறு துண்டுகள் வரை உதறினார். ஒன்றில் மட்டும் பிசிறு வந்தது. அந்தப் பயிற்சியாளரும் குனிந்து பார்த்துவிட்டு, "வீடியோவுலயும் இடது கைக்கு நாங்க எதுவும் எடுக்கல" என்று மெதுவாகச் சொன்னார்.

"நாலாச்சுங்க," என்றார் மேலாளர்.

முப்பிடாதி தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்தாள். ஜெயக்கொடி என் அருகே வந்து, "நீங்க ஆபீசர் ஆயிட்டீக. நான் இன்னும் நூத்தி எம்பத்து மூணு" என்றாள். அவளுக்கும் பரிமளாவுக்கும் இன்னும் பத்து நாள் வேண்டும் என்று பயிற்சி அலுவலர் என்ற முறையில் மேலாளரிடம் கேட்டேன். கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும், அத்தனை பேர் முன்னிலையில் பேச்சு வழக்கில் பேசிவிட்டேன் என்று கணவரிடம் வருந்தினேன். "ஆமா, நாம ரெண்டு பேரும் முப்பது வருஷமாக் கடிதத்துலதான பேசிக்கிறோம்" என்றார்.

ஜூன் 24, திங்கட்கிழமை

பயிற்சி அலுவலராக என் முதல் கடமை, அலுவலகத்தில் உள்ள கையேட்டுக்குப் பிழைதிருத்தம் சமர்ப்பிப்பது. அதற்கென ஒரு படிவம் உள்ளது. பக்கம், உள்ளது, இருக்கவேண்டியது, காரணம் என நான்கு கட்டங்கள்.

நெடுநேரம் சிந்தித்துப் பின்வருமாறு நிரப்பினேன்.

பக்கம்: 1 முதல் 43 வரை.

உள்ளது: மிகுதி.

இருக்கவேண்டியது: இணைக்கப்பட்டுள்ள ஒரு தாள். இடக்கைக்காரர்கள் துணிக்கட்டைத் திருப்பி வைத்துக்கொள்ளவும்.

காரணம்: நூலாசிரியர் எழுதும் காலத்தில் மேசையின் மறுபுறம் அமர்ந்திருந்தார்.

கையொப்பம்: மு. ஞானசுந்தரி, பயிற்சி அலுவலர்.